பதின்மூன்றாவது மூட்டை

சிதம்பரம்
3-7-1978

உண்ணாமலைக்கு,

அம்மா வந்து என் மகன் எங்கே என்று உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பதில் சொல்ல உனக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். சிதம்பரத்தில் இருக்கிறேன். பழைய புத்தகக் கடை இராமலிங்கத்திடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டு மூட்டையையும் எனக்கு விற்றாரே, அவரேதான். பகலில் கடை, சாயங்காலம் பைண்டிங். மாடியில் படுக்கை, மெஸ்ஸில் சாப்பாடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் செய்தது சரி என்று வாதாடவில்லை. இந்த வருஷத்தோடு காலேஜில் பி.யூ.சி. நின்றுபோகிறது, இனிமேல் பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ என்பது எனக்கும் தெரியும். ஆனால் தவறியவர்கள் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பரீட்சை எழுதுவார்கள். மற்றக் கடைக்காரர்கள் எல்லாரும் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டால், நம்மிடம் மட்டும் இருக்கும். இதுதான் என் கணக்கு. நீ பி.காம். புத்தகம் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாய். நான் பி.யூ.சி.யைக் கொண்டுவந்து இறக்கினேன். கோபம் வரத்தான் செய்யும். உள்ளே கூப்பிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

நீ எங்கே நின்று சொன்னாய்? கடை வாசலில். எதிரே வேடியப்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். வண்டிக்கார அப்பாசாமியின் தோளில் கடைசி மூட்டை இன்னும் இருந்தது. பூக்கார மணியம்மாள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது:

"பன்னெண்டு மூட்டையோட பதிமூணாவது மூட்டையா இந்த ஆளையும் தராசுல தூக்கி வையுங்க. எவனும் வெல சொல்லமாட்டான்."

அப்பாசாமி சிரித்தான். அது பரவாயில்லை. மணியம்மாள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே வாசலில், அதே மூன்று பேர் முன்னால், அதே குரலில் நீ அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள். மறுநாளே வருகிறேன். வேறு சமாதானம் எதுவும் வேண்டாம்.

என் குத்தூசியையும் பெரிய கத்திரியையும் விழுப்புரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பு.

சக்கரபாணி


திருவண்ணாமலை
9-7-1978

சிதம்பரத்தில் இருப்பவருக்கு உண்ணாமலை எழுதுவது.

கத்திரியும் குத்தூசியும் இன்று காலை பஸ்ஸில் ஏறிவிட்டன. கத்திரி மழுங்கிக் கிடந்தது, சாணை பிடித்து அனுப்பியிருக்கிறேன். இன்லண்டில் எழுதியது நல்லதாயிற்று. கார்டில் எழுதிவிடாதீர்கள். நம் தபால்காரர் வாசலில் நின்றே படித்துவிட்டு, நேராக வேடியப்பன் கடைக்குத்தான் டீ குடிக்கப் போகிறார்.

நீங்கள் கேட்பதைச் செய்ய முடியாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். கூடை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி மளிகைக் கடைக்குப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே விலை. சொன்னால் சொன்னதுதான். காலேஜ் பிள்ளைகள் என்னை ‘ஒரே வெல அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். இந்தத் தேரடிப் பக்கத்தில் என் முதலே அதுதான். வாசலில் ஒன்றைச் சொல்லிவிட்டு அதே வாசலில் அது தப்பு என்று நான் சொன்னால், அடுத்த நாளே ஒரு பையன் வந்து எட்டு ரூபாய்ப் புத்தகத்தை ஆறு ரூபாய்க்குக் கேட்பான். "புருஷன் வெலையவே மாத்தினீங்களேக்கா, புஸ்தகத்துக்கு மாத்தக் கூடாதா?" என்பான். என்ன பதில் சொல்வது?

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. சொல் சுட்டது என்றால் அங்கேயே திருப்பிச் சுட்டிருக்க வேண்டும். பதிலே பேசாமல் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அத்தை வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையிலிருந்து வந்தார். "எம்புள்ள எங்க?" என்றார். பின்னறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற பன்னிரண்டு மூட்டையைக் காட்டி, "அதுக்கு அந்தாண்ட தேடிப் பாருங்க. எனக்கு உள்ள போறதுக்கு வழியில்ல" என்றேன். முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். இப்போது இங்கேயேதான் இருக்கிறார். வருகிற புத்தகத்துக்கெல்லாம் கடைசிப் பக்க மூலையில் மஞ்சள் வைக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். நான் பொட்டளவு வைப்பேன். அவர் நலங்கு வைப்பது மாதிரி வைக்கிறார்.

காலேஜ் திறந்துவிட்டது. பி.காம். இரண்டாம் வருஷ அக்கவுண்டன்சி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அங்கே இருக்கிறவரைக்கும் எனக்காகத் தேடிப் பாருங்கள். வெளி ஆளுக்கு என்ன கமிஷனோ அதையே தருகிறேன்.

உண்ணாமலை


சிதம்பரம்
24-7-1978

உண்ணாமலைக்கு,

வெளி ஆள் கமிஷனே போதும். அக்கவுண்டன்சி மூன்று கட்டு, வணிகச் சட்டம் ஒரு கட்டு லாரி சர்வீஸில் போட்டிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கேள். யூனிவர்சிட்டி இருக்கிற ஊர் என்பதால் கடைத்தெருவில் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். கடைகளில் நல்லது எதுவும் மிஞ்சவில்லை. ஒரு சைக்கிள் கடைக்காரர் பின்பக்கம் புத்தகம் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் கிரீஸ். அப்புறம் தோன்றியது, பரீட்சை முடிந்து ஊருக்குப் போகிற பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை தேடி அலையமாட்டான், சாப்பிட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போவான் என்று. மெஸ் மெஸ்ஸாக ஏறி இறங்கினேன். நாலாவது மெஸ்ஸில் சமையல்கார அம்மாள், "அதுவா, அந்தப் பரண்ல கெடக்கு. குண்டானுக்கு அடியில வெக்கறதுக்கு எடுத்துக்குவேன்" என்றாள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் பி.காம். மூன்று வருஷமும் இருக்கிறது. சில புத்தகங்களில் சாம்பார் வாசனை. அட்டை கிழிந்ததையெல்லாம் பைண்ட் செய்துவிட்டேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறேன், பூச்சி வராது.

இராமலிங்கம் நல்ல மனிதர், ஆனால் வாய் அதிகம். என் பையில் நம் கடைப் புத்தகம் ஒன்று இருந்தது. எடுத்துப் புரட்டியவர் கடைசிப் பக்கத்து மஞ்சளைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, புஸ்தகத்துக்குக் கல்யாணமா?" என்றார்.

"எங்க வீட்டுல அப்படித்தான். கடைக்குள்ள எது வந்தாலும் மஞ்சள் வெச்சுதான் உள்ள விடுவாங்க" என்றேன்.

"உனக்கு வெச்சாங்களா?"

நான் பசை கிண்டப் போய்விட்டேன்.

இந்தப் பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். வேறு யாருக்கும் அந்த வழக்கம் இல்லை.

நீ எழுதியதைப் படித்தேன். உன் முதல் உனக்குப் பெரிது. நான் கேட்டதும் மாறாது. எனக்கும் ஒரே விலைதான்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
6-8-1978

சிதம்பரத்தில் இருப்பவருக்கு,

நான்கு கட்டும் வந்தது, நான்கும் விற்றுப்போனது. கமிஷன் மணியார்டரில் வரும். ஒரு பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாம்பார் நாத்தம் அடிக்குதுக்கா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றான். "வாசனைக்குத் தனியா காசு கேக்காம விட்டேனேன்னு சந்தோசப்படு" என்றேன். வாங்கிக்கொண்டு போனான். பைண்டிங் நன்றாக இருக்கிறது. மற்ற கடைக்காரர்கள் யார் செய்தது என்று கேட்டார்கள். வெளி ஆள் என்று சொன்னேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குப் போகிறார். இரண்டு பெட்டி இங்கிலீஷ் புத்தகத்தை என்னை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். எது நல்லது, எது ஆகாதது என்று சொல்ல நீங்கள் இல்லை. நான் என் வழியில் பார்த்தேன். பக்க ஓரம் அழுக்கேறிய புத்தகத்தை எடுத்துக்கொண்டேன், வெள்ளையாக இருந்ததை விட்டுவிட்டேன். ஒருவர் கடைசி வரைக்கும் படித்ததை இன்னொருவரும் படிப்பார், அவ்வளவுதான். பாதி அதற்குள் அங்கேயே வேறு வெள்ளைக்காரர்களிடம் போய்விட்டது.

ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் சகாதேவனைத் தெரியுமே, மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பவர். இரண்டு முறை கடைப்பக்கம் வந்துபோனார். அதை வைத்து ஒன்று கேட்கிறேன். பி.யூ.சி. கணக்கில் சிவப்பு அட்டை, பச்சை அட்டை என்று இரண்டு இருக்கிறதே, எதில் விடைகள் பின்னால் இருக்கின்றன? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மூட்டைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. பின்னறைக் கூரை ஒழுகுகிறது. மழைக்காலத்துக்குள் ஒரு தார்ப்பாய் பார்க்க வேண்டும்.

உண்ணாமலை


சிதம்பரம்
2-9-1978

உண்ணாமலைக்கு,

பச்சை அட்டையில்தான் விடைகள் இருக்கின்றன. எடைக்குப் போகிற புத்தகத்தில் விடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இரண்டு வாரம் ஊர் சுற்றிவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். கடலூரில் முதுநகர்ப் பக்கம் ஒரு கிழவர் படகுத் துணி விற்கிற கடையில் புத்தகமும் விற்கிறார். கெமிஸ்ட்ரி கேட்டால், "அது அந்தப் பாய்மரத்துக்குக் கீழ இருக்கும், நீயே தோண்டிக்கோ" என்கிறார். தோண்டினேன், கிடைத்தது. பாண்டிச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை சாலை ஓரமெல்லாம் புத்தகம் விரிக்கிறார்கள். பிரெஞ்சுப் புத்தகம் மலை மாதிரி கிடக்கிறது, தோல் அட்டை, பொன் எழுத்து. யாரும் சீண்டுவதில்லை. அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்கவில்லை. நீ பயப்படாதே. வாங்கியது எல்லாம் பி.எஸ்ஸி. பாடப் புத்தகம்தான், இரண்டு கட்டு அனுப்புகிறேன்.

போகிற ஊரிலெல்லாம் பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் பி.யூ.சி. பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. இராமலிங்கம் நேற்று என்னை உட்கார வைத்துச் சொன்னார். "எனக்கு வயசாச்சு. பையன் பாங்க் வேலைக்குப் போய்ட்டான், அவன் இந்தத் தூசியில வந்து ஒக்காரமாட்டான். கடையில பாதி உன்னுது. உனக்கும் புள்ளகுட்டி இல்ல, இங்கயே இருந்துடு. ஆனா தீபாவளிக்குள்ள சொல்லிடணும். ஒரு காலு அங்க, ஒரு காலு இங்கன்னு நிக்கற ஆளு எனக்கு வேணாம்."

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதினேன்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
10-9-1978

சிதம்பரத்தில் இருப்பவருக்கு,

இராமலிங்கத்திடம் இதையெல்லாம் கேளுங்கள். கடை இருக்கிற இடம் யார் பெயரில் இருக்கிறது? வாடகை என்றால் சீட்டு எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சா? பாதி என்றால் இடத்தில் பாதியா, சரக்கில் பாதியா, வருகிற லாபத்தில் மட்டும் பாதியா? லாபத்தில் மட்டும் என்றால் அது கூலிக்கு இன்னொரு பெயர். அவர் காலத்துக்குப் பிறகு பாங்க் பையன் வந்து கதவைப் பூட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எதையும் எழுத்தில் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். நல்ல மனிதர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நல்ல மனிதரிடம்தான் எழுதி வாங்கிக்கொள்ள மறந்துபோகும்.

இதை வியாபாரியாகச் சொல்கிறேன். பெண்டாட்டியாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். அதற்கு இன்லண்டில் இடம் போதாது.

பி.எஸ்ஸி. கட்டு இரண்டும் வந்தது. ஒன்றில் கரையான் தொட்டிருக்கிறது, அடுத்த முறை உதறிப் பார்த்து வாங்குங்கள்.

அத்தைக்கு மூட்டுவலி. மருந்து வாங்கித் தடவுகிறேன். பின்னறையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறார். உங்களைப் பற்றித் தினமும் பேசுகிறார். "அவனுக்கு ரோசம் ஜாஸ்தி. உனக்கு வாய் ஜாஸ்தி. எனக்கு நடுவுல மூட்டுவலி ஜாஸ்தி" என்று நேற்று மணியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்ணாமலை


விழுப்புரம்
4-10-1978

உண்ணாமலைக்கு,

ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் பிளாட்பாரத்தில் புத்தகம் பரப்பியிருந்தார். வழக்கம்போலக் குனிந்து பார்த்தேன். நடுவில் பி.யூ.சி. தர்க்கம். நான் சிதம்பரத்தில் வாங்கிய அதே பதிப்பு. என்னைப் போல இன்னொரு பைத்தியக்காரன் இருக்கிறானே என்று எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்க மூலையில் மஞ்சள். பொட்டளவு இல்லை, பாதிப் பக்கம். அம்மா கை.

"இது எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"திருவண்ணாமலயில. தேரடி பக்கம் ஒரு அம்மா இருக்குது. அதுகிட்ட ஒரு மூட்டை எடுத்தேன்."

"பி.யூ.சி.தான் போய்ட்டதே. யாரு வாங்கறாங்க?"

"வாத்தியாருங்கதான். இத்தன நாளா எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் நடத்தினவங்கள இப்ப பிளஸ் ஒன் நடத்துன்னா இன்னா பண்ணுவாங்க? பசங்க கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி இவங்க படிச்சிட்டுப் போவணும் இல்ல? கணக்கு, பிசிக்ஸெல்லாம் வந்தன்னைக்கே போய்ட்டுது. இது ஒண்ணுதான் தங்கிப்போச்சி."

"அந்தம்மா வெல கம்மி பண்ணிக் குடுத்தாங்களா?"

"அதுவா? ரெண்டாவது தடவ கேட்டா கையில இருக்கறதப் புடுங்கி உள்ள வெச்சிடும்."

அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

பின்னறையில் மனிதர் நுழைய வழியில்லை என்று எழுதியவள், அதே அறையில் கட்டில் போட்டிருப்பதாக எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பச்சை அட்டையா சிவப்பு அட்டையா என்று என்னிடமே விவரம் கேட்டு, என் சரக்கை விற்றுவிட்டு, எனக்குப் ‘போட்டது போட்டபடி கிடக்கிறது’ என்று எழுதினாய். ஊர் ஊராக நான் அந்தப் பன்னிரண்டு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தேன். யாரிடமெல்லாம் போய், எடுத்துக்கொள்கிறீர்களா என்று பல்லைக் காட்டினேன். கடலூர்க் கிழவரிடம் உனக்காக ஒரு தார்ப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன். பின்னறை அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்து நானே தைத்தேன். இனி அது எதற்கு?

தீபாவளி வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. பதினைந்தாம் தேதிக்குமேல் இராமலிங்கத்திடம் சம்மதம் சொல்லிவிடுவேன்.

சக்கரபாணி


திருவண்ணாமலை
12-10-1978

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. தார்ப்பாய் என்ற இடம் வரைக்கும் படித்து நிறுத்திவிட்டேன். மீதியைச் சாயங்காலம்தான் படித்தேன்.

ஆமாம், விற்றேன். ஆடியில் அப்படி எழுதியபோதே இரண்டு மூட்டை போய்விட்டிருந்தது. சகாதேவன் வாத்தியார் முதலில் தனக்கு ஒன்று வாங்கினார். ஆள் பார்க்காத நேரமாக வந்து, பையில் மறைத்து எடுத்துப்போனார். அப்புறம் அவரே போளூர், செங்கம் பக்கத்து வாத்தியார்களைக் கூட்டிவந்தார். இப்போது பின்னறையில் இருப்பது எலி கடித்த அரை மூட்டை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என் சொல் தோற்றுப்போனதை எழுதக் கை வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. புத்தகம் விற்றுவிட்டது என்று எழுதியிருந்தால் நீங்கள் மறுநாளே வந்து இறங்கியிருப்பீர்கள். மூட்டை ஜெயித்தது என்று வருவீர்கள். அடுத்த வருஷம் வேறொரு மூட்டை தோற்றால் மறுபடியும் டிரங்குப் பெட்டியைத் தூக்குவீர்கள். மூட்டைகள் கிடக்கும்போதே வருகிறீர்களா என்று பார்த்தேன். நீங்கள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் நான்கு மாதமாக அவரவர் விலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடை திறந்திருந்தும் போணியாகாத மாதிரி.

வெளிப்படையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கியது தப்புதான். தவறியவர்கள் வருவார்கள் என்றீர்கள். வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வாத்தியார்கள் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தப்பாக வாங்கிய சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று. வியாபாரத்தில் அதுவும் நடக்கும். அதற்காக நான் எந்தச் சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நான் விலை சொன்னது புத்தகத்துக்கு இல்லை. பன்னிரண்டு மூட்டையும் மண்ணாகப் போயிருந்தாலும் அந்தப் பதின்மூன்றாவது மூட்டைக்கு நான் சொன்னது தப்பு. இது எனக்கு அன்றைக்கு ராத்திரியே தெரியும். உங்களுக்கு அது புரிய வேண்டும் என்றுதான் இத்தனை வரி எழுதுகிறேன். எழுதினால் மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

முந்தாநாள் சரஸ்வதி பூஜை. வழக்கம்போலக் கடைப் புத்தகத்தையெல்லாம் அடுக்கி, தராசுக்கும் பொட்டு வைத்து, உங்கள் பைண்டிங் பலகையையும் கழுவி வைத்தேன். பொரியும் சுண்டலும் கொடுக்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டேன். அப்பாசாமியை லாரி செட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். மணியம்மாள் பூ கொண்டுவந்தாள், இருக்கச் சொன்னேன். எல்லார் கையிலும் பொரி இருக்கும்போது வாசலில் வந்து நின்றேன். அன்றைக்கு நின்ற அதே இடம்.

"வேடியப்பா, அப்பாசாமி, மணியம்மா. மூணு பேரும் கேளுங்க. ஆனி மாசம் இங்க நின்னு பதிமூணாவது மூட்டைக்கு நான் ஒரு வெல சொன்னேன். அது தப்பு வெல."

யாரும் மெல்லவில்லை. அப்பாசாமி பொரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அத்தை, "சத்தமா சொல்லு, எனக்குக் கேக்கல" என்றார். அவருக்கு நன்றாகவே கேட்டது. அன்றைக்குச் சொன்ன அளவுக்குக் குரலைத் தூக்கி மறுபடியும் சொன்னேன். தெருவில் போனவர்களும் நின்றார்கள்.

வேடியப்பன் விடுவானா? "இன்னாக்கா, சொன்னா சொன்னதுதான்னு சொல்லுவீங்க. இப்ப மாத்தறீங்க?"

"தப்பா போட்ட வெலய அடிச்சிட்டுதாண்டா எழுதணும். அப்படியே வெச்சிருந்தா அது ஒரே வெல இல்ல, ஏமாத்து."

"அப்ப இன்னிக்கு இன்னா வெல?"

"விக்கறதுக்கில்ல."

மணியம்மாள் சிரித்தாள். நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இராமலிங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். அங்கே பாதி தருகிறார்கள் என்பதற்காக இங்கே பாதி என்று நான் எழுதமாட்டேன். இது உங்களுடையதும்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்காததால் மறந்துவிட்டீர்கள்.

பூஜை அன்று கடையில் எதையும் விற்பதில்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று வேடியப்பன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. நேற்றுக் கடை திறந்ததும் மறுபடியும் வந்து கேட்டான். அதே பதிலைத்தான் சொன்னேன். ஒரே விலை.

உண்ணாமலை


(தபால் கார்டு)

சிதம்பரம்
16-10-1978

உண்ணாமலைக்கு,

கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும்.

இராமலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். "தெரியும்யா, நீ ஊர் ஊரா வாங்கினது எல்லாம் அந்தக் கடைக்குத்தானே" என்றார். ஒரு கட்டு பி.காம். புத்தகத்தைக் காசு வாங்காமல் ஏற்றிவிட்டார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அவர் கொடுத்ததோடு சேர்த்து மூன்று கட்டும் தார்ப்பாயும் இருக்கின்றன, அப்பாசாமியை வண்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல். அம்மாவின் கட்டிலை நகர்த்த வேண்டாம், கூரைக்குத்தான் தார்ப்பாய்.

விழுப்புரத்தில் வாங்கிய தர்க்கப் புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். ஒரு முறை வெளியே போய்விட்டு வருகிறது, கடைக்குள் விடுவதற்கு முன்னால் மறுபடியும் மஞ்சள் வைக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் கொடுக்காதே, நீயே குழைத்து வை. வாசலிலேயே வை.

சக்கரபாணி